விவாத மேடை ஏறும் முன்: மோஷன் முதல் ரிப்ளை வரை

முறையான விவாதப் போட்டிக்கு முதன்முதலாக வருகிறவர்கள் பெரும்பாலும் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிப் பழகியவர்கள். குரல் இருக்கும், மேடைக் கூச்சம் இருக்காது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த காது இருக்கும். அப்படியும் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, "நாங்கதானே சார் நல்லா பேசினோம்?" என்று நடுவரைச் சூழ்ந்து நிற்பார்கள். நன்றாகப் பேசியது உண்மைதான். எதிரணி சொன்ன எதற்கும் பதில் சொல்லவில்லை என்பதும் உண்மை. விவாதத்தில் தீர்ப்பு பெரும்பாலும் இரண்டாவது உண்மையைப் பார்த்துத்தான் விழுகிறது.

பட்டிமன்றத்தில் நடுவர் இடையிடையே பேசுவார், சிரிக்க வைப்பார், கடைசியில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டென்று சமாதானமும் செய்து வைப்பார். இங்கே பேச்சு முடியும்வரை நடுவர் வாயே திறக்க மாட்டார். தலைப்பைப் பற்றித் தமக்கு என்ன கருத்து இருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு, அறையில் சொல்லப்பட்டதைத் தாளில் குறித்துக்கொண்டு, அதை வைத்து மட்டும் முடிவு சொல்வார். வீட்டில் மனப்பாடம் செய்து வந்த உரை பாதிதான் உதவும். மீதிப் பாதியை எதிரணி பேசப் பேசத்தான் கட்ட முடியும்.

விளக்கத்துக்கு ஒரு தலைப்பைக் கூடவே வைத்துக்கொள்வோம்: "இந்த அவை, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மோட்டார் வாகனங்களை 24 மணி நேரமும் தடை செய்யும்." காந்தி சிலையும் பழைய கலங்கரை விளக்கமும் தலைமைச் செயலகமும் இருக்கிற அந்தச் சாலை, மாலை முதல் மறுநாள் காலை வரை இப்போதே வாகனங்களுக்கு மூடப்படுகிறது. இந்த விவாதத்தின் முடிச்சே அந்த ஒரு தகவலில்தான் இருக்கிறது.

மோஷன்: கடைசிச் சொல்லில் இருக்கிறது வேலை

வாதத்துக்கு வைக்கும் தீர்மான வாக்கியம்தான் மோஷன். கையில் கிடைத்ததும் முதலில் அதன் வினைச்சொல்லை வட்டமிடுங்கள். "தடை செய்யும்", "வழங்கும்", "ரத்து செய்யும்" என்று முடிந்தால் அது செயல் தலைப்பு. யார் செய்வார்கள், எப்படிச் செய்வார்கள், செய்தால் என்ன நடக்கும் என்பதை ஆதரவு அணி சொல்லியாக வேண்டும். "நம்புகிறது" என்று முடிந்தால் பெரும்பாலும் மதிப்பீட்டுத் தலைப்பு. அங்கே எதை அளவுகோலாக வைத்து நல்லது, கெட்டது என்று சொல்கிறோம் என்பதை முதலிலேயே நாட்ட வேண்டும். "வருந்துகிறது" என்று முடிகிற தலைப்பில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "இந்த அவை, மனப்பாட உரைக்குப் பரிசு தரும் வழக்கத்துக்கு வருந்துகிறது" என்று வந்தால், அந்த வழக்கத்தை எப்படி ஒழிப்பது என்று திட்டம் போடக் கூடாது. அந்த வழக்கமே வளராமல் இருந்திருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று காட்டி, இப்போதுள்ளதோடு ஒப்பிட வேண்டும். வருத்தப்படச் சொன்ன தலைப்பில் தடை கேட்டு ஏழு நிமிடத்தையும் செலவழித்த அணிக்கு நடுவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, தலைப்பில் அளவைக் குறிக்கும் சொல் எது என்று பாருங்கள். நம் தலைப்பில் அது "24 மணி நேரமும்". வாதமெல்லாம் அந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடக்கப் போகிறது.

வரையறையும் மாடலும்

தலைப்புக்குப் பொருள் சொல்லும் உரிமை ஆதரவு அணியின் முதல் பேச்சாளருக்கு. அதுதான் டெஃபனிஷன். அகராதி எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வாசிக்க வேண்டியதில்லை. 'சாலை என்பது யாதெனில்' என்று தொடங்கினால் நேரம்தான் போகும். தெருவில் போகும் ஒருவர் இந்தத் தலைப்பைக் கேட்டால் என்ன புரிந்துகொள்வாரோ அதுவே வரையறை. சண்டை வரக்கூடிய சொற்களை மட்டும் தெளிவாக்குங்கள்: மின்சார ஸ்கூட்டர் மோட்டார் வாகனமா? ஆம்புலன்ஸ்?

வரையறையில் செய்யும் தில்லுமுல்லுக்கு விவாதக்காரர்கள் ஸ்குவிரலிங் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் தலைப்பில் 'கடற்கரைச் சாலை' என்பதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈசிஆர் என்று பொருள் கொள்வது அப்படிப்பட்டது. சொல் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் நெடுஞ்சாலையில் வாகனத்தை நாள் முழுக்கத் தடை செய்யலாமா என்று யாரும் விவாதம் வைக்க மாட்டார்கள். இன்னொரு தவறு, மறுக்கவே முடியாத ஒன்றாகத் தலைப்பைச் சுருக்குவது. 'நடப்பவர்களின் பாதுகாப்பு முக்கியம் என்பதே இத்தலைப்பின் பொருள்' என்று சொல்லிவிட்டால் எதிரணி எதைத்தான் எதிர்க்கும்?

இப்படி நடந்தால் எதிரணி டெஃபனிஷனைச் சவாலுக்கு இழுக்கலாம். அதை எதிரணியின் முதல் பேச்சாளர் மட்டுமே, தம் பேச்சின் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். எந்த இடத்தில் தவறு, ஏன் தவறு, சரியான பொருள் எது என்று மூன்றையும் சொல்ல வேண்டும். சவால் விட்டதோடு நிற்காமல், "அவர்கள் வரையறையையே ஏற்றுக்கொண்டாலும் அவர்கள் வாதம் நிற்காது" என்று ஒரு படி கூடப் போவது பாதுகாப்பு. எதிராளியின் கருத்தை ஏற்பது போல் ஏற்றுப் பின் களைவதை நன்னூல் ஏழு மதங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது: பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு. ஆங்கில விவாதப் பயிற்சியில் பெரிய உத்தியாகச் சொல்லித்தருவதும் இதுவேதான். ஆனால் வரையறை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, நமக்குச் சாதகமாக இல்லை என்பதற்கெல்லாம் சவால் விடாதீர்கள். வரையறைச் சண்டை ஓடும் விவாதம் எந்த நடுவருக்கும் பிடிக்காது.

மாடல் என்பது செயல் திட்டம். நம் தலைப்புக்கு நான்கைந்து வாக்கியம் போதும்: தடை எந்த எல்லையிலிருந்து எந்த எல்லை வரை, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மாற்றுத்திறனாளிகளை ஏற்றிவரும் வண்டி ஆகியவற்றுக்கு விலக்கு, விடுதிகளுக்குச் சரக்கு இறக்க விடியற்காலையில் குறிப்பிட்ட நேரம், வெளியே வண்டி நிறுத்த இடம், எத்தனை மாதத்தில் அமல். இதை ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடியுங்கள். அபராதம் எத்தனை ரூபாய், எந்தத் துறை வசூலிக்கும் என்றெல்லாம் போனால் வாதத்துக்கு நேரம் இருக்காது. அதே சமயம், விலக்கு கொடுத்துக் கொடுத்தே தலைப்பைக் காலி செய்துவிடவும் கூடாது. செயலக ஊழியர், விடுதி விருந்தினர், உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் விலக்கு என்றால் தடை யாருக்கு என்று எதிரணி ஒரே வரியில் முடித்துவிடும்.

எதிரணியும் மாற்றுத் திட்டம் வைக்கலாம். அது கவுன்ட்டர் மாடல். 'சனி, ஞாயிறு பகலில் மட்டும் மூடுவோம்' என்பது நல்ல மாற்று. ஏனென்றால் அதையும் முழுத் தடையையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. 'வாகன நிறுத்துமிடங்களைக் கூட்டுவோம்' என்பது மாற்றே அல்ல. அதை ஆதரவு அணியும் தங்கள் திட்டத்தோடு சேர்த்துக்கொண்டு போய்விடும்.

யார் எத்தனை நிமிடம்

மூன்று வடிவங்கள் தெரிந்தால் போதும். ஏஷியன் பார்லிமென்டரியில் அணிக்கு மூவர், ஆளுக்கு 7 நிமிடம், கடைசியில் அணிக்கு ஒரு 4 நிமிட ரிப்ளை, அதாவது விவாதத்தைத் தொகுத்துச் சொல்லும் முடிவுரை. தயாரிக்க வழக்கமாக 30 நிமிடம். பள்ளி மாணவர்களுக்கான வேர்ல்ட் ஸ்கூல்ஸ் முறையிலும் மூவர்தான், ஆனால் 8 நிமிடம், ரிப்ளை 4. பிரிட்டிஷ் பார்லிமென்டரியில் நான்கு அணிகள், அணிக்கு இருவர், ஆளுக்கு 7 நிமிடம், தயாரிப்புக்கு 15 நிமிடமே, ரிப்ளை கிடையாது. ஒரே பக்கத்தில் இரண்டு அணிகள் இருப்பதால், பின்னால் வரும் அணி, முன்னால் பேசிய அணி சொன்னதை மறுக்காமல் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதை எக்ஸ்டென்ஷன் என்பார்கள். தன் பக்கத்தில் முன்னால் பேசிய அணியையே மறுத்துப் பேசினால் அது நைஃபிங், பெரிய குற்றம். 2014இல் சென்னையில் நடந்த உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி இந்த பிரிட்டிஷ் முறையில் நடந்ததுதான். தொடங்குகிறவர்களுக்கு மூவர் அணி முறையே நல்லது.

மூவர் அணியில் முதல் பேச்சாளர் வரையறை, மாடல், இரண்டு வாதம். இரண்டாமவர் முதலில் மறுப்பு, பிறகு மூன்றாவது வாதம். மூன்றாமவர் முழுக்க முழுக்க மறுப்பு. புதிய வாதம் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தாலும் கணக்கில் சேராது. அணியிலேயே சுமாராகப் பேசுகிறவரை மூன்றாவதாக நிறுத்தும் பழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அது தலைகீழ். எழுதி வைத்து வாசிக்கவே முடியாத உரை அந்த மூன்றாவது உரைதான். காது கூர்மையானவரை அங்கே நிறுத்துங்கள்.

மணி அடிப்பவர் முதல் நிமிடம் முடிந்ததும் ஒரு தட்டு, ஆறாம் நிமிடம் ஒரு தட்டு, ஏழாம் நிமிடம் இரண்டு தட்டு தட்டுவார். அதற்கு மேல் 15 அல்லது 20 விநாடி சலுகை. பிறகு பேசுவதை நடுவர் எழுதுவதில்லை. 'இறுதியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்' என்று இன்னொரு நிமிடம் இழுப்பது நம் மேடைகளில் சகஜம். இங்கே அந்த நிமிடத்துக்கு மதிப்பே இல்லை.

ஒரு வாதத்தைக் கட்டுவது

ஒரு வாதத்துக்கு நான்கு உறுப்பு: கூற்று, காரணம், சான்று, விளைவு. சொல்லும்போது எளிது. எங்கே சறுக்குகிறது என்பதை நம் தலைப்பிலேயே பார்க்கலாம்.

"சாலையை மூடினால் சுற்றுலா வளரும். உலகின் பல நகரங்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே தடை தேவை." இதில் கூற்று மட்டும்தான் இருக்கிறது. எந்த நகரம், ஏன் வளர்ந்தது, இங்கேயும் ஏன் வளரும் என்று எதுவும் இல்லை. நடுவர் தாளில் 'சுற்றுலா' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார், அவ்வளவுதான்.

இதைத் திருத்தச் சொன்னால் அணிகள் இப்படிச் செய்யும்: "மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள், முதியவர்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள், சுண்டல் விற்கிறவருக்கு வியாபாரம் நடக்கிறது. வாகனம் இல்லாததால் வந்த பலன் இது." காரணம் வந்துவிட்டது, கண்ணால் பார்த்த சான்றும் வந்துவிட்டது. ஆனால் வாதம் குறியில் விழவில்லை. மாலையில் சாலை ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. அந்தப் பலன் முழுக்க இப்போதைய நிலைக்குச் சொந்தம். விவாதக்காரர்கள் இதை ஸ்டேட்டஸ் கோ என்பார்கள். தலைப்பு புதிதாகக் கேட்பது பகல் நேரத் தடையை. ஆகவே பகலில் என்ன பலன் என்று நிரூபிப்பதுதான் ஆதரவு அணியின் பொறுப்பு. பர்டன் ஆஃப் ப்ரூஃப் என்பது இதுதான். தலைப்பைக் கையில் வாங்கியதும், 'இப்போது இருப்பதற்கு மேல் இது கேட்கும் கூடுதல் எது?' என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் பாதி வாதங்கள் தானாகவே கழிந்துவிடும்.

மூன்றாவது முயற்சி இப்படி இருக்கலாம்: "பகலில் வருகிற பயணி இன்றைக்கு வண்டியிலேயே கடல் ஓரம் வரை வந்து, இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே கிளம்பிவிடுகிறார். சாலையை மூடினால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்வீதிகள் வழியாக நடந்து வர வேண்டியிருக்கும். நடக்கிறவர்தான் கடையைப் பார்ப்பார், நிற்பார், வாங்குவார். ஆகவே வண்டி போகும் சாலைக்குக் கிடைக்காத வியாபாரம் அந்த வீதிகளின் சிறுகடைகளுக்குக் கிடைக்கும். கடலோரம் இருக்கிற சில பெரிய விடுதிகளோடு நின்றுவிடும் பணம் பரவலாகப் போகும்." இங்கே கூற்றிலிருந்து விளைவு வரை படி விடாமல் ஏறுகிறது. கடைசி வாக்கியம் யாருக்குப் பலன், அது ஏன் முக்கியம் என்று சொல்கிறது. அந்தக் கடைசிப் படியைத்தான் இம்பாக்ட் என்கிறோம். பலர் அதற்கு முந்திய படியிலேயே நின்று அடுத்த வாதத்துக்குத் தாவிவிடுவார்கள்.

இனி எதிரணிக்கு வேலை இருக்கிறது. மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு நிழலில்லாத சாலையில் நடந்து வரப்போவது யார்? செயலகத்துக்கு மனு கொடுக்க வரும் வயதானவர் எவ்வளவு தூரம் நடப்பார்? கடற்கரைச் சாலையில் போகாத வண்டி ரோமன் ரோலண்ட் வீதி போன்ற குறுகலான உள்வீதிகளில்தானே போகும்? மூன்றுமே பகலைப் பற்றிய கேள்விகள். இப்போதுதான் இரண்டு அணியும் ஒரே இடத்தில் மோதுகின்றன. அதற்குப் பேர் கிளாஷ். கிளாஷ் இல்லாத விவாதம் அடுத்தடுத்து நடந்த ஆறு பேச்சுப் போட்டி, அவ்வளவே.

சான்று பற்றி

கடலூரில் விவாதம் வைத்தால், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை எப்படியும் ஒருநாள் தலைப்பாக வரும். "தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட வலை" என்று ஒரு பக்கமும், "உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டது" என்று மறுபக்கமும் சொல்லும். இரண்டுமே பாதி உண்மை. 2000இல் தமிழ்நாடு அரசு தடை போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது இடைக்கால உத்தரவு: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை. இந்த நிபந்தனைகளோடு சொல்கிற அணிக்கு வாதமும் தானே கிடைக்கும். 12 மைலுக்கு அப்பால் என்பதை நடுக்கடலில் யார் கண்காணிப்பது, அவ்வளவு தூரம் போய்த் திரும்பும் வசதி எந்தப் படகுக்கு உண்டு, கரையோரம் ஃபைபர் படகில் மீன் பிடிப்பவருக்கு இதனால் பாதிப்பு கூடுமா குறையுமா என்று விவாதம் ஆழமாகப் போகும். ஆண்டு, உத்தரவிட்டது யார், நிபந்தனை என்ன: இந்த மூன்றும் இல்லாத தகவலைச் சான்று என்று நம்பி மேடை ஏறாதீர்கள்.

குறளும் பழமொழியும் சான்று அல்ல. பேச்சுக்கு அழகு சேர்க்கலாம், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். 'வள்ளுவரே சொல்லியிருக்கிறார்' என்பதால் கடற்கரைச் சாலையில் போக்குவரத்து குறையாது. புள்ளிவிவரத்தை மேடையிலேயே இட்டுக்கட்டுவது அதைவிட மோசம். எதிரணி ஒரு கேள்வி கேட்டால் அதோடு உங்கள் நிஜமான தகவலையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஃப்ளோ தாளும் மறுப்பும்

ஃப்ளோ என்பது விவாதத்தைக் குறிப்பெடுக்கும் தாள். ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, பேச்சாளருக்கு ஒன்றாக ஆறு பத்தி மடியுங்கள். நம் அணிக்கு நீல மை, எதிரணிக்குச் சிவப்பு. எதிரணி முதல் வாதம் சொன்னால் அவர் பத்தியில் மூன்று நான்கு சொல்லில் எழுதுங்கள். முழு வாக்கியம் எழுதினால் அடுத்த வாதம் காதில் விழாது. 'உள்வீதி நெரிசல்', அதன் கீழே காரணம் 'குறுகல்', சான்று இருந்தால் 'ச', இல்லாவிட்டால் ஒரு சுழி. அதே உயரத்தில் அடுத்த பத்தியில் உங்கள் பதிலை எழுதி, இரண்டையும் அம்புக்குறியால் இணையுங்கள். உங்கள் முறை வரும்போது அம்பு இல்லாமல் நிற்கிற சிவப்பு வரிகள் எவையோ, அவற்றுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று பொருள். பதில் சொல்லாமல் விட்ட வாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே நடுவர் எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

மறுப்பு, அதாவது ரிபட்டல் சொல்லும்போது நாலு படி: அவர்கள் சொன்னது இது, அது ஏன் நிற்காது, அதற்குக் காரணம், ஆகவே விவாதத்தில் என்ன மாறுகிறது. நான்காவது படியை விட்டுவிட்டால் மறுப்பு அந்தரத்தில் நிற்கும்.

எந்த விதத்தில் மறுப்பது என்பதிலும் தேர்வு இருக்கிறது. உள்வீதி நெரிசல் என்ற வாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அது உண்மையல்ல' என்று சொல்லலாம். ஆனால் நிரூபிப்பது கடினம். 'உண்மைதான், ஆனால் தினமும் மாலையில் சாலையை மூடும்போது அந்த நெரிசல் இப்போதும் வருகிறது, நகரம் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறது' என்றால் எதிரணியின் பயம் பெரிதாக்கப்பட்டது என்று காட்டுகிறீர்கள். 'கடலோரமாக வண்டியில் ஒரு சுற்று வருவதற்காகவே வருகிற வண்டிகள் சாலை மூடியிருப்பது தெரிந்தால் அந்தப் பக்கமே வராது, ஆகவே மொத்த நெரிசல் குறையும்' என்றால் அவர்கள் வாதத்தையே உங்கள் பக்கம் திருப்புகிறீர்கள். கடைசி வகை கிடைத்தால் மற்றதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, எதிரணியின் உதாரணத்தை மட்டும் உடைத்துவிட்டு வாதத்தை உடைத்ததாக நினைப்பது. 'வயதானவர் என்றீர்கள், அவருக்குத்தான் விலக்கு தந்துவிட்டோமே' என்றால், விலக்கு மாற்றுத்திறனாளிகளுக்குத்தானே என்று கேட்பார்கள். அணுகல் பற்றிய வாதம் அப்படியே இருக்கும். இன்னொன்று, எதிரணி சொல்லாததைச் சொன்னதாகத் திரித்து மறுப்பது. அது நடுவர் தாளில் இருக்காது, உடனே மாட்டிக்கொள்வீர்கள். எதிரணி வாதத்தை அவர்களைவிட நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டு மறுத்தால்தான் மறுப்புக்கு எடை.

பிஓஐ

பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன் என்பது எதிரணி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று வைக்கும் குறுக்குக் கேள்வி. சுருக்கமாகப் பிஓஐ. முதல் தட்டுக்கும் ஆறாம் நிமிடத் தட்டுக்கும் இடையில் மட்டும் எழலாம். எட்டு நிமிட முறையில் ஏழாம் நிமிடம் வரை. ரிப்ளையில் கிடையாது. பேசுகிறவர் "கேளுங்கள்" என்றால் கேட்கலாம்; "நன்றி, வேண்டாம்" என்றால் உட்கார வேண்டும், முணுமுணுக்கக் கூடாது. கேள்விக்கு 15 விநாடிதான்.

"தடையால் வியாபாரம் பாதிக்காதா?" என்பது வீண் கேள்வி; "பாதிக்காது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். "நீங்கள் சொன்ன மூன்று பலனும் மாலை நேரத்துப் பலன். பகல் பதினோரு மணிக்குக் கிடைக்கும் பலன் ஒன்றைச் சொல்ல முடியுமா?" என்பது நல்ல கேள்வி. சொன்னாலும் விவாதம் உங்கள் தளத்துக்கு வருகிறது, சொல்லாவிட்டால் நடுவர் குறித்துக்கொள்கிறார். பதில் கிடைத்ததோ கிடைக்கவில்லையோ, உங்கள் அணி அடுத்துப் பேசும்போது அதை எடுத்துக்காட்டினால்தான் முழுப் பயன்.

பேசுகிறவர் பக்கம்: ஒன்று அல்லது இரண்டு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றுகூட ஏற்காவிட்டால் பயந்துவிட்டதாகத் தெரியும். நாலு ஏற்றால் உங்கள் பேச்சு உங்கள் கையில் இருக்காது. ஒரு வாதத்தின் நடுவில் ஏற்காமல், அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எடை போடுவதும் ரிப்ளையும்

விவாதத்தின் முடிவில் இரண்டு பக்கமும் ஏதோ சிலவற்றை நிரூபித்திருக்கும். சிறுகடைகளுக்கு வியாபாரம் கூடும் என்பதும் நின்றிருக்கும், செயலகத்துக்கு வருபவர் சிரமப்படுவார் என்பதும் நின்றிருக்கும். எது பெரிது? நீங்கள் சொல்லாவிட்டால் நடுவரே முடிவு செய்வார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. எத்தனை பேருக்கு, எவ்வளவு ஆழமாக, எவ்வளவு உறுதியாக, திரும்பச் சரிசெய்ய முடியுமா என்ற அளவுகளில் ஒப்பிடுங்கள். எதிரணி இப்படிச் சொல்லலாம்: "வியாபாரம் கூடினால் ஒருவருக்கு வருமானம் கூடும். அலுவலகத்துக்கு வர முடியாவிட்டால் ஒருவருக்கு உரிமையே போகும். கடைக்காரருக்கு மாலைநேர வாடிக்கையாளர் இருக்கிறார். மனுக்காரருக்குப் பகல் மட்டும்தான் உண்டு." இதுதான் வெயிங். 'எங்கள் வாதமே வலுவானது' என்று சொல்வது வெயிங் அல்ல.

ரிப்ளை உரையை அணியின் முதல் அல்லது இரண்டாம் பேச்சாளர் தருவார். எதிரணி முதலில், ஆதரவு அணி கடைசியில். நாலு நிமிடத்தில் எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல முயலாதீர்கள். விவாதம் மோதிய இடம் இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்து, கேள்வி வடிவில் வையுங்கள்: "பகல் தடையால் யாருக்குப் பலன்? உள்வீதிகள் தாங்குமா?" ஒவ்வொன்றிலும் அவர்கள் என்ன சொன்னார்கள், நாங்கள் என்ன பதில் சொன்னோம், ஏன் எங்கள் பக்கம் நிற்கிறது என்று ஒரு நடுவர் தீர்ப்பு வாசிப்பது போல் சொல்லுங்கள். தோற்ற இடத்தை ஒத்துக்கொள்ளலாம். 'அதில் அவர்கள் முன்னிலைதான், ஆனாலும் இந்த விவாதத்தை அது தீர்மானிக்காது' என்று சொன்னால் நம்பிக்கை கூடும். புதிய வாதம், புதிய சான்று எதுவும் கூடாது.

வேர்ல்ட் ஸ்கூல்ஸ் முறையில் ஓர் உரைக்கு 100இல் 60 முதல் 80 வரைதான் மதிப்பெண், 70 சராசரி. உள்ளடக்கத்துக்கு 40, பாணிக்கு 40, உத்திக்கு 20 என்ற பங்கீடு. பாணி என்றால் அடுக்குமொழி அல்ல; கேட்பவர் பின்தொடரக்கூடிய வேகம், தெளிவு, கண்ணைப் பார்த்துப் பேசுவது. புதுச்சேரிப் பேச்சு வழக்கில் பேசினாலும் எழுத்துத் தமிழில் பேசினாலும் குறைவில்லை. நடுவில் மாறி மாறித் தாவுவதுதான் காதை உறுத்தும். எதிரணியை 'எதிரணித் தலைவர்', 'இரண்டாம் பேச்சாளர்' என்று பொறுப்பால் குறிப்பிடுங்கள். 'அருமை நண்பர் பாவம்' வகைக் கிண்டல் பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும், இங்கே மதிப்பெண் குறைக்கும்.

அரை மணித் தயாரிப்பைப் பிரிப்பது

பெரும்பாலான போட்டிகளில் தயாரிப்பு நேரத்தில் கைபேசி தொடக் கூடாது. முதல் நான்கு நிமிடம் மூவரும் பேசாமல் தனித்தனியாக எழுதுங்கள். உடனே பேசத் தொடங்கினால் சத்தமான ஒருவரின் யோசனையே அணியின் யோசனையாகிவிடும். அடுத்த ஆறு நிமிடம் எழுதியதைப் பகிர்ந்து, வரையறையும் மூன்று வாதமும் முடிவு செய்யுங்கள். பத்து நிமிடம் அந்த மூன்றுக்கும் காரணமும் விளைவும் கட்டுங்கள். பிறகு ஐந்து நிமிடம் எதிரணியாக மாறி, அவர்கள் சொல்லக்கூடிய மிக வலுவான இரண்டு வாதத்தை எழுதிப் பதில் தயார் செய்யுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடைசி ஐந்து நிமிடம் முதல் பேச்சாளருக்கு மட்டும் சொந்தம். அவர் எழுதட்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு ஃப்ளோ தாளை மடித்து வையுங்கள்.

பயிற்சிக்கு ஆறு பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேர் போதும். ஒருவர் இரண்டு நிமிடம் ஒரே ஒரு வாதம் சொல்லட்டும். மற்றவர் முதலில் அந்த வாதத்தைத் தம் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கத் தொடங்கலாம். மறுத்து முடித்ததும் அதே தலைப்பில் பக்கம் மாறுங்கள்.